யாஞ்மா நாதாமுக்குப் போன வருஷம்

யாஞ்மாவுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள், மல்யுத்தமும் வில்லும் குதிரைப் பந்தயமுமாக நடக்கும் நாதாம் கோடைத் திருவிழாவைப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் விழா நடக்கும் ஊர் உலகத்தின் மறுகோடியில் இல்லை. தொண்ணூறு கிலோமீட்டர், வழியில் ஓர் ஆறு, அவ்வளவுதான். அவள் கணவன் கோம்போ ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அவன் மல்யுத்த வீரன். அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வான். பத்தொன்பது நாதாம்களில் அவன் முதல் சுற்றைத் தாண்டியது இரண்டே தடவை. அதிலும் ஒரு தடவை எதிராளி வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான்.

யாஞ்மா போகாததற்குக் காரணம் பதினான்கு பெண் குதிரைகள். ஜூலை பிறந்ததும் குட்டிகளைப் பிடித்துக் கயிற்று வரிசையில் கட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து தாய்களைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறக்க வேண்டும். மாடு மாதிரி சாவகாசமாக நின்று கொடுக்கிற பிராணியா குதிரை? குட்டி வந்து முட்டினால்தான் பால் இறங்கும். இறங்கினதும் குட்டியை விலக்கிவிட்டு, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, வாளியைக் கையில் மாட்டிக்கொண்டு, மூச்சு விடுவதற்குள் கறந்து முடித்துவிட வேண்டும். அந்தப் பதினான்கும் யாஞ்மாவின் கைக்குப் பழகியவை. வேறு யார் அருகில் போனாலும் பின்னங்கால் பேசும். அதனால் ஊரே நாதாமுக்குக் கிளம்பிப்போகும்போது அவள் தன் ஐராக்கை, அந்தப் புளித்த குதிரைப்பாலை, பீப்பாய்களில் நிரப்பி அனுப்பிவிட்டு, வாளியோடு குதிரைகளிடம் திரும்புவாள்.

கோம்போ வீடு திரும்பியதும் கேட்பாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"வில்லுல யார் ஜெயிச்சா?"

"வில்லா? நான் அந்தப் பக்கமே போகலையே."

அவள் வேறொன்றும் கேட்கமாட்டாள். பள்ளிக்கூட விடுதியில் இருந்த காலத்தில் யாஞ்மா மாவட்டம் வரைக்கும் போய் வில் எய்தவள். கல்யாணத்தின்போது அவளோடு வந்த சாமான்களில் கொம்பும் மரமும் ஒட்டிச் செய்த வில் ஒன்றும் இருந்தது. அது ஒரு துணிப்பைக்குள் அவர்கள் வீடான கூடாரத்தின் மேற்குச் சுவரில் தொங்கியது. வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்ப மாட்டுவாள். ஏன் துடைக்கிறாள் என்று கோம்போ கேட்டதில்லை.

அந்த வருஷம் மே மாதம், பழகாத இளங்குதிரை ஒன்று கோம்போவைத் தூக்கி எறிந்தது. விலா எலும்பு இரண்டு போயிற்று. ஜூன் கடைசியில் பகுதித் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கள் பகுதியிலிருந்து இந்த வருஷம் நாதாமுக்கு யார் யார் இறங்குகிறார்கள் என்று பெயர் எழுதுகிற வேலை அவருக்கு. மூச்சைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்த கோம்போவைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது.

"நீயும் இல்லையா? வில்லுக்கு இருந்த ரெண்டு பேரும் நகரத்துக்குக் குடிபோயிட்டாங்க. நம்ம பகுதி பேரே லிஸ்டுல இருக்காது போல."

"ஏன், இவ இருக்காளே" என்றான் கோம்போ, சிரித்துக்கொண்டே. சிரித்தால் விலா வலிக்கும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி பெரிய வில்லாளியாம். எழுதிக்கோங்க."

அடுப்பில் பாலைக் கரண்டியால் மொண்டு மொண்டு ஆற்றிக்கொண்டிருந்த யாஞ்மா திரும்பாமலே சொன்னாள்: "எழுதிக்கோங்க. நான் வர்றேன்."

பகுதித் தலைவர் கோம்போவைப் பார்த்தார். கோம்போ கரண்டியைப் பார்த்தான். அவள் ஆற்றிக்கொண்டேயிருந்தாள். பால் பொங்காமல் நுரை கட்டியது.

"அப்ப குதிரைங்க?" என்றான் கோம்போ கடைசியில்.

"நீ வீட்லதானே இருக்கே. உனக்கு ஒடைஞ்சது விலா. கை நல்லாத்தானே இருக்கு."

நாதாமுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு கறவைக்கும் அடுத்த கறவைக்கும் நடுவில் அவள் பழைய கம்பளியைச் சுருட்டிக் கட்டி அறுபது தப்படி தள்ளி வைத்து எய்தாள். முதல் நாள் ஓர் அம்பு அடுத்த கூடாரத்துக்காரர்களின் வறட்டிக் குவியலில் போய் நின்றது. "வறட்டியைக் கொன்னுட்டா" என்று அவர்கள் கத்தினார்கள். நாலாம் நாள் கம்பளி ஒரு முறை அசைந்தது. பத்தாம் நாள் பத்துக்கு நாலு.

கோம்போவின் பயிற்சி இதைவிட மோசமாக நடந்தது. காது கிழிந்த செம்மண் நிறக் குதிரை ஒன்று உண்டு. அது அவனை வாளியோடு சேர்த்து உதைத்தது. இன்னொன்று பாலை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது.

"உன் குதிரைங்க எல்லாம் என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்குதுங்க" என்றான்.

"இத்தனை வருஷமா பால் குடிச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனவன்தானே நீ. அதுங்களுக்கு ஞாபகம் இருக்கு."

கிளம்புகிற காலையில் கோம்போவின் தம்பி தோமோர் தன் சாம்பல் நிற ரஷ்ய வேனோடு வந்தான். பன்னிரண்டு பேர், நாலு நீலப் பீப்பாய் ஐராக், ஒரு தையல் மெஷின், மடியில் ஒரு வில். மூடியை இறுக்கினால் பொங்கி வெடிக்கும் என்பதால் பீப்பாய்களைத் தளர்த்தியே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு வாய் தெறித்தது. கணவாயில் இறங்கி, வழிப்போக்கர்கள் கல் வைத்து வேண்டிக்கொள்ளும், நீலத்துணி கட்டிய கல்மேட்டை மூன்று முறை சுற்றி, யாஞ்மாவும் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல், 'ஒரு அம்பாவது பட்டாப் போதும்' என்று வேண்டிக்கொண்டாள்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். மேலே மலையில் இரண்டு நாள் மழை. தண்ணீர் தேநீர் நிறத்தில் புதர்களை இழுத்துக்கொண்டு ஓடியது.

"தோமோர், தாண்டிடுமா?" என்று கேட்டாள் யாஞ்மா.

"அண்ணி, இந்த ஆத்தை நான் எத்தனை தடவை தாண்டியிருக்கேன்."

"தண்ணி இருக்கும்போதா, இல்லாதபோதா?"

தோமோர் வண்டியை ஆற்றில் இறக்கினான். சரியாக நடு ஆற்றில் எஞ்சின் ஒரு இருமல் இருமி அடங்கியது. இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கூரைமேல் ஏறினார்கள். பீப்பாய்களையும் ஏற்றினார்கள். டிராக்டர் உள்ள ஆள் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறான், போய்ச் சொல்லிக் கூட்டி வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். யாரும் பதறவில்லை. ஒரு கிழவர் ஐராக்கைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுற்றுக்கு விட்டார். யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

அப்போது மணி ஒன்பது. வில் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் மேஜையைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருந்தது.

யாஞ்மா வில்லுப் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" என்று கத்தினான் தோமோர். "அண்ணன் என்னைக் கொன்னுடுவாரு."

"உங்க அண்ணனால இப்ப தும்மவே முடியாது. நீ பீப்பாயைப் பாத்துக்கோ."

மார்பளவு தண்ணீரில் வழுக்கி வழுக்கி அக்கரை ஏறினாள். மேட்டில் இரண்டு கூடாரங்கள் தெரிந்தன. முன்பின் தெரியாத குடும்பம். தூரத்திலிருந்தே வழக்கப்படி குரல் கொடுத்தாள்: "நாயைப் பிடிங்க!"

கூரைமேல் தயிர்க்கட்டிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தலையிலிருந்து சொட்டும் தண்ணீரையும், நனையாத வில்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க அக்கா. முதல்ல டீ."

"டீக்கு நேரமில்ல தங்கச்சி. பன்னிரண்டு மணிக்குள்ள நாதாம் போகணும். ஒரு குதிரை குடுத்தா…"

"குதிரைக்கு நேரமாகும். அதைப் புடிக்கணும். அதுவரைக்கும் டீ குடிக்கலாம்."

யாஞ்மா உப்பு டீயைக் குடித்தாள். அந்தப் பெண் தன்னுடைய உலர்ந்த அங்கியை எடுத்துக் கொடுத்தாள். இடுப்பில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பட்டுக் கச்சையை இழுத்துக் கட்டியதும் நின்றது. வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கணவன் பழுப்புக் குதிரை ஒன்றுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தான்.

"இதை எப்படித் திருப்பித் தர்றது? நான் திரும்பி வர நாளாகும்."

"ஊர் போனதும் கடிவாளத்தைச் சேணத்துல கட்டி விட்டுடுங்க" என்றான் அவன். "சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"வழியில யாராச்சும் பிடிச்சுட்டா?"

"யாருடைய குதிரைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அவனை யாரும் பிடிக்கவும் முடியாது. கடிப்பான்."

பழுப்புக் குதிரை ஓட்டக்காரன். முதல் மேட்டைத் தாண்டியதும் யாஞ்மா சேணத்தில் எழுந்து நின்றாள். முதுகில் வில் தட்டியது. புல் முழங்காலுக்கு நின்றது. வெட்டுக்கிளிகள் பொறியாகத் தெறித்தன. வீட்டைப் பற்றியும் கறவையைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள்; மனம் அந்தப் பக்கமே போகவில்லை. நாற்பத்திமூன்று வயதில், யாரோ ஒருத்தியின் அங்கியைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவனின் குதிரையில், ஒரு வேலையும் கையில் இல்லாமல் இவ்வளவு தூரம் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. வாய்விட்டுப் பாடினாள். குதிரை ஒரு காதைப் பின்னால் திருப்பியது.

கடைசி மேட்டிலிருந்து நாதாம் தெரிந்தது. வெள்ளைக் கூடாரங்கள், இறைச்சி வைத்த ஹுஷூர் பொரிக்கும் எண்ணெய்ப் புகை, தொலைவில் பந்தயக் குதிரைகள் கிளப்பும் புழுதி, ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ அவசரமாகத் தேடும் குரல். இறங்கிக் கடிவாளத்தைக் கட்டி, கழுத்தில் ஒரு தட்டு தட்டினாள். பழுப்பன் நன்றி எதிர்பார்க்கிற ரகமில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே ஓடினான்.

மேஜையில் ஒரு இளைஞன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மூடியாச்சு அக்கா. பன்னிரண்டேகால்."

"ஆத்துல வண்டி நின்னுபோச்சு தம்பி. நீந்தி வந்தேன்."

"உங்க பேரு இருந்துச்சு. வரலைன்னு அடிச்சுட்டேன். அடிச்ச பேரைத் திரும்ப எழுதக்கூடாது."

பின்னாலிருந்து ஒரு தடித்த குரல் கேட்டது. "யாஞ்மாவா? நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன்."

திரும்பினால் ஹோர்லோ நின்றாள். விடுதியில் ஒரே அறை. ஒரே வில்லை மாற்றி மாற்றி எய்தவர்கள். இப்போது ஊரின் கால்நடை டாக்டர். நாலு வருஷமாகப் பெண்கள் வில்லில் முதலிடமும் அவளுக்குத்தான். நெஞ்சில் பதக்கங்கள் கிண்ணென்று உரசின.

"சாகலை. குதிரை கறந்துட்டிருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் ஹோர்லோ. இளைஞனிடம் திரும்பினாள். "டேய், எழுது."

"டாக்டரம்மா, விதி…"

"இவ பள்ளிக்கூடத்துல என்னை எத்தனை தடவை தோக்கடிச்சிருக்கான்னு தெரியுமா? இவ இல்லாத லிஸ்டுல நாலு வருஷமா ஜெயிச்சு எனக்கே அலுத்துப்போச்சு. எழுது. இல்லேன்னா உங்கப்பா ஆட்டுக்கு நான் ஊசி போட வரமாட்டேன்."

வரிசையில் நின்ற மற்ற பெண்களும் எழுதச் சொன்னார்கள். இளைஞன் அடித்த பெயருக்குப் பக்கத்தில் அதே பெயரை இன்னும் சின்னதாக எழுதினான்.

இருபது அம்பு, ஐந்து சுற்று, சுற்றுக்கு நாலு. அறுபது மீட்டர் தள்ளித் தரையில் கை அகலத் தோல் உருளைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அடித்தால் உருள வேண்டும். யாஞ்மா முதல் நாலையும் விட்டாள். நாலும் போயிற்று. முப்பத்தைந்து கிலோமீட்டர் குதிரையோட்டம் தோளில் நடுங்கியது. எங்கோ ஒருவர் "வீட்டுக்குப் போய்ப் பாலைக் கற" என்றார். அவள் நிமிரவில்லை. இரண்டாம் சுற்றில் ஒன்று பட்டது. இலக்கின் இரு பக்கமும் நின்ற நடுவர்கள் கைகளை வானத்துக்கு உயர்த்தி "ஊஹாய்" என்று நீளமாக இழுத்துப் பாடினார்கள். அது தனக்காகப் பாடியது என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

மூன்றாம் சுற்றில் மூன்று பட்டன. அது முடிந்ததும் மற்ற பெண்கள் கட்டைவிரலை உருவிக்கொண்டிருந்தார்கள். நாணை இழுத்துப் பிடிப்பது கட்டைவிரல்தான், சூடேறி வீங்கும். யாஞ்மா தன் விரலைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. தினம் பதினான்கு குதிரைகளை ஆறு முறை கறக்கிற விரல் அது. அதற்கு இருபது அம்பு ஒரு பொருட்டா? அந்த எண்ணம் வந்ததும் தோள் தானாக இறங்கியது. நாலாம் சுற்றில் நாலும் பட்டன. ஐந்தாம் சுற்றில் நாலும் பட்டன. 'பாலைக் கற' என்றவர் ஒவ்வொன்றுக்கும் நடுவர்களோடு சேர்ந்து பாடினார்.

ஹோர்லோவுக்குப் பதினாறு. வடக்குப் பகுதிப் பெண் ஒருத்திக்குப் பதினான்கு. யாஞ்மாவுக்குப் பன்னிரண்டு. மூன்றாம் இடம். ஒரு பதக்கமும் பெரிய பூப்போட்ட தெர்மாஸும் கொடுத்தார்கள்.

ஐந்து மணிக்கு கோம்போ மலை ஏறி நிற்பதாக ஏற்பாடு. அங்கேதான் செல்போனுக்கு சிக்னல் வரும். யாஞ்மா போன் போட்டாள்.

"மூணாவது" என்றாள்.

"எத்தனை பேர்ல?" என்றான் கோம்போ.

"ஒன்பது பேர்ல."

"நான் அறுபத்திநாலு பேர்ல ஒரு தடவைகூட மூணாவது வந்ததில்ல."

"தெரியும். குதிரைங்க?"

"கறந்துட்டேன்."

"பொய் சொல்லாத."

"உன் பச்சை அங்கியை எடுத்துப் போட்டுக்கிட்டேன். தலையில உன் துணியையும் கட்டிக்கிட்டேன். வாசனை ஒன்னோடதுன்னு நெனச்சு நின்னுச்சுங்க. காது கிழிஞ்சவ மட்டும் திரும்பி மூஞ்சியைப் பார்த்தா. ஆனா உதைக்கல. அந்த நேரம் பார்த்து பக்கத்துக் கூடாரத்துல இருந்து நாலு பேர் வந்துட்டாங்க."

யாஞ்மா சிரித்த சிரிப்பில் ஹுஷூர் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் நின்று இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் மல்யுத்தம் பார்க்கப் போனாள். புல்லில் உட்கார்ந்திருந்தபோது மலை மாதிரி ஒருவன் அவள் முன் குனிந்து நின்றான். தொப்பியில் மல்யுத்தப் பட்டத்துக்கான நாடா ஆடியது.

"அண்ணி, கோம்போ அண்ணன் வரலையாமே. விலா எப்படி இருக்கு?"

"தேறிட்டு வருது. உனக்கு அவரை எப்படித் தெரியும்?"

"என் முதல் வெற்றி அவர்மேலதான். பதினேழு வயசு எனக்கு. பயத்துல கத்துக்கிட்ட பிடியெல்லாம் மறந்துபோச்சு. அவர் நெனச்சிருந்தா என்னைக் கீழே போட்டிருக்கலாம். ஆனா அவரே விழுந்து எந்திரிச்சு, 'நீ பெரிய ஆளா வருவே'ன்னு காதுல சொல்லிட்டுப் போனாரு."

அவன் போனதும் இன்னொருவன் வந்தான். பிறகு இன்னொருவன். மைதானத்தில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் தங்கள் முதல் வெற்றியைக் கோம்போவிடம்தான் வாங்கியிருந்தார்கள். அவன் தோற்று வீடு வரும்போதெல்லாம் தான் விட்ட கிண்டல்களை யாஞ்மா நினைத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே விழுந்தானா, நிஜமாகவே விழுந்தானா? இரண்டும் இருக்கும் என்று தோன்றியது. எதையும் சொல்லிக்கொள்ளாமல் 'நல்லா இருந்துச்சு' என்ற ஒரே வார்த்தையோடு அத்தனை வருஷத்தையும் முடித்திருக்கிறான்.

கிளம்பும்போது ஹோர்லோ வந்தாள். "ஆகஸ்ட் கடைசியில மாவட்டப் போட்டி. ஒரு அணிக்கு நாலு பேர். எங்ககிட்ட மூணு பேர்தான் இருக்கோம்."

"குதிரை கறவை அக்டோபர் வரைக்கும் இருக்குடி."

"உன் புருஷன்தான் அங்கி போட்டுக் கறக்கறானாமே. ஊரே சொல்லுது."

சேதி அவளுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டிருந்தது. யாஞ்மா வேனில் ஏறினாள். டிராக்டர் இழுத்துக் கரை சேர்த்த வேன் இப்போது பழையதைவிட அதிகமாக இருமியது. ஆறு வடிந்திருந்தது. வழியில் இறங்கி அங்கியைத் திருப்பிக் கொடுத்தபோது, பழுப்புக் குதிரை கூடாரத்துக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெர்மாஸைக் கொடுத்தாள். அவள் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கோம்போ டீ ஊற்றிக் கொடுத்தான். யாஞ்மா மாவட்டப் போட்டியைப் பற்றிச் சொன்னாள். மல்யுத்தக்காரர்கள் வந்து பேசியதையும் சொன்னாள். அவன் காது சிவந்தது.

"அந்தப் பசங்க நிறையப் பேசுவானுங்க" என்றான். "ஆகஸ்ட்ல எத்தனை நாள் போகணும்?"

"அஞ்சு நாள்."

"போயிட்டு வா. அடுத்த வருஷம் விலா சரியாயிடும், நாதாமுக்கு நானும் வருவேன். அதுக்குள்ள தோமோருக்குக் கறக்கச் சொல்லிக் கொடுக்கணும். அவன்தான் எல்லா ஆத்துலயும் வண்டியைக் கவுக்கறான், கையாவது உபயோகமாகட்டும்."

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. முதல் மாவட்டப் போட்டியில் அவர்கள் அணி ஏழாவதாக வந்தது. போன வருஷம் இரண்டாவது. நாதாமுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் போகிறார்கள். தோமோரும் அவன் மனைவியும் குதிரைகளோடு இருந்துகொள்கிறார்கள். கோம்போ இன்னும் முதல் சுற்றிலேயே விழுகிறான். விழுந்து எழுந்து தூசி தட்டிக்கொண்டு நேராக வில் மைதானத்துக்கு வந்துவிடுகிறான். எங்கள் பகுதியில் இன்னும் மூன்று பெண்கள் வில் எடுத்திருக்கிறார்கள். வசந்த காலத்தில் கறவை தொடங்குவதற்கு முன்னால் யாஞ்மாவின் மேய்ச்சல் நிலத்தில் கூடி, கம்பளியைச் சுருட்டி வைத்து எய்கிறார்கள். அம்பு குறி தவறினால் ஒருவரை ஒருவர் கேலி செய்கிற சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.